மாத்திரை இல்லாத உறக்கம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

 

சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியவை பற்றிப் பேசுவதற்கென்று கூடும் இவ்விடத்தில் நாம் உறக்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பேச்சாளர் பேசும்பொழுது உறங்குவது நம் கூட்டங்களில் புதிதல்ல. உறக்கத்தைப் பற்றியே பேசுவதுதான் புதிது என்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்தாலும் குற்றமில்லை. விழித்திருந்து கேட்டால் போதும்.

பகலெல்லாம் வெயிலில் உழைப்பவனுக்குப் பாயில் தலை சாய்த்ததும் தூக்கம் வந்துவிடும் என்று பட்டணத்தார் நினைக்கிறார்கள். கிராமத்தில் வாழும் நாம் அப்படி நினைப்பதற்கில்லை. இரவில் வரும் மும்முனை மின்சாரத்துக்காகக் கண் விழித்து மோட்டாரைப் போடுகிறவர், வங்கிக் கடனையும் வட்டிக் கடனையும் கூட்டிக் கழித்துக்கொண்டு புரளுகிறவர், மூட்டு வலியால் விழிக்கிற முதியவர், கைக்குழந்தையோடு கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிற தாய் என்று உறங்காதவர் பட்டியல் ஒவ்வோர் ஊரிலும் நீளமானது. மருந்துக் கடைக்குச் சென்று, “தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்” என்று கேட்கும் வழக்கமும் கிராமங்களுக்கு வந்துவிட்டது. இந்த வழக்கம் வேரூன்றும் முன்னர் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்பதே நம் நோக்கம்.

முதலில் உறக்கம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொழுது சாய்ந்ததும் அதன் இலைகள் கூம்பிவிடுகின்றன. இருட்டைக் கண்டுதான் இலைகள் கூம்புகின்றன என்று நினைப்பது இயற்கை. 1729-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் தெ மைரான் என்பவர், தொட்டாற்சுருங்கி வகையைச் சேர்ந்த செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலேயே இருந்தும் அச்செடி பகல் வேளையில் இலைகளை விரித்தது. இரவு வேளையில் மூடிக்கொண்டது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. மனிதனுக்குள்ளும் அத்தகைய கடிகாரம் உண்டு. 1938-ல் அமெரிக்காவில் கிளைட்மன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் ஒருவரும் சூரிய வெளிச்சமே படாத மாமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கி, நாளொன்றுக்கு 28 மணி என்று கணக்கு வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞரான மாணவர் ஒருவாறு பழகிக்கொண்டார்; நாற்பது வயதைக் கடந்த பேராசிரியருக்கோ உடல் இணங்கவேயில்லை. அக்கடிகாரம் உயிரணுவுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடிகாரம் ஒன்று மட்டும் போதாது. சூரிச் நகரைச் சேர்ந்த போர்பேலி என்ற அறிஞர் 1982-ல் இதைத் தெளிவாக விளக்கினார். அவர் சொன்னதை நம் ஊர் ஏரியை வைத்துச் சொல்லலாம். காலையில் கண் விழித்தது முதல் நம் மூளையில் உறக்கத்தின் தேவை, ஏரியில் தண்ணீர் சேர்வதுபோல், சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. உடலின் கடிகாரமோ மடையைத் திறக்கும் நீர்க்கட்டியைப் போன்றது. ஏரியில் தண்ணீரும் இருந்து, நீர்க்கட்டியும் உரிய வேளையில் வந்து மடையைத் திறந்தால் வயல் நிரம்பப் பாயும். பகலிலேயே தண்ணீரை இறைத்துவிட்டாலோ, நாளுக்கொரு வேளையில் மடையைத் திறந்தாலோ வயல் காயும். உறக்கத்தைப் பற்றிய நற்பழக்கங்கள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

இனி மாத்திரைக்கு வருவோம். தூக்க மாத்திரை விழிப்பை அடக்குகிறது. ஏரியை அது நிரப்புவதில்லை. நீர்க்கட்டியின் வேளையையும் சரி செய்வதில்லை. சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால் அதே அளவு போதாமற் போவதுண்டு. திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். நெடுநாள் பழகியவர்களுக்கு நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். முதியவர்கள் இரவில் எழுந்து கொல்லைப்புறம் போகையில் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். விற்ற விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்றும் விதி உண்டு. நீடித்த தூக்கமின்மைக்கு முதற்கண் அளிக்க வேண்டிய சிகிச்சை மருந்தல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் முறையே என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் அமைப்பு 2016-ல் அறிவித்தது. ஐரோப்பிய வல்லுநர்களும் மறு ஆண்டில் அதையே சொன்னார்கள்.

படுக்கையைக் குறைத்தால் தூக்கம் கூடும்

அந்தச் சிகிச்சையின் நடுநாயகமான பகுதி கேட்பதற்கு விந்தையாக இருக்கும். தூக்கம் வராதவர் என்ன செய்கிறார்? “இன்றாவது சற்று முன்னதாகப் படுப்போம்” என்று எட்டு மணிக்கே பாயை விரிக்கிறார். காலையில் எழுந்திருக்க மனமின்றி வெயில் வரும்வரை கிடக்கிறார். இது தவறு. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே மருந்து. ஸ்பீல்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1987-ல் வெளியிட்ட முறை இது.

கணக்குப் போட்டுக் காட்டுவோம். ஓர் உழவர் இரவு 8 மணிக்குப் படுக்கிறார். 10 மணிக்குத்தான் கண் அயர்கிறது. 1 மணிக்கு விழித்துக்கொள்கிறார். மீண்டும் உறங்க 2.30 ஆகிறது. 5 மணிக்கு விழித்து 6 மணி வரை புரளுகிறார். படுக்கையில் இருந்தது 10 மணி நேரம். உறங்கியது ஐந்தரை மணி நேரம். எஞ்சிய நாலரை மணி நேரமும் கவலைக்குத்தான் பயன்பட்டது. இவர் இனி இரவு 10.30-க்குப் படுத்துக் காலை 4.30-க்கு எழுந்துவிட வேண்டும். தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் எழும் வேளை மாறக்கூடாது. முதல் சில நாட்கள் பகலில் அசதியாக இருக்கும். அந்த அசதிதான் ஏரியில் சேரும் தண்ணீர். ஒரு வாரத்தில் பெரும்பாலோருக்குத் துண்டு துண்டான தூக்கம் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். படுக்கும் 6 மணி நேரத்தில் 5 மணிக்குக் குறையாமல் உறக்கம் கிடைத்துவிட்டால், அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். பிறகு மேலும் 15 நிமிடம். இப்படிப் படிப்படியாக உடலுக்குப் போதும் என்ற அளவை அடைய வேண்டும். நடுவயதினருக்கு அது பெரும்பாலும் 7 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். படுக்கை நேரத்தை ஐந்தரை மணிக்குக் கீழே எவரும் குறைக்கலாகாது. வலிப்பு நோயுள்ளவர்களும், மனநோய்க்கு மருந்துண்பவர்களும், கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரைக் கேளாமல் இம்முறையில் இறங்கக்கூடாது. இம்முறையைக் கைக்கொள்ளும் முதல் இரு வாரங்களில் டிராக்டர் ஓட்டுவதையும் பனையேறுவதையும் கதிரடிக்கும் இயந்திரத்தில் கை வைப்பதையும் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இன்னொன்று. படுத்துச் சுமார் 20 நிமிடத்தில் உறக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஏறத்தாழ மதித்துக்கொண்டால் போதும். திண்ணைக்கு வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள். கயிறு திரிக்கலாம், புளிக்குக் கொட்டை எடுக்கலாம். கண் சொருகும்பொழுது மீண்டும் பாய்க்குப் போகலாம். எத்தனை முறையானாலும் இப்படித்தான். பாய் என்றால் உறக்கம் என்று உடல் கற்றுக்கொள்ள வேண்டும். பூட்டிய நுகத்தடியைக் கண்டதும் மாடு நடக்கத் தயாராவதில்லையா? நம் உடலும் அவ்வாறு பழகக்கூடியதே. தொலைக்காட்சி பார்ப்பதும், கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதும், கடன் கணக்குப் பார்ப்பதும் பாயில் நடந்தால் பாயைக் கண்டதும் உடல் அவற்றுக்குத்தான் தயாராகும்.

கடன் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. “கவலைப்படாதீர்கள்” என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. தவணை கட்ட வேண்டியவருக்கு அது ஆறுதலாகாது. ஆனால் கவலைப்படும் வேளையை மாற்ற முடியும். மாலையில் விளக்கு வைத்த பிறகு கால்மணி நேரம் உட்கார்ந்து, நாளை யாரைப் பார்க்க வேண்டும், எதை வாங்க வேண்டும், எதை விற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மறுநாள் வேலைகளை எழுதிவிட்டுப் படுத்த இளைஞர்கள், முடிந்த வேலைகளை எழுதிவிட்டுப் படுத்தவர்களைக் காட்டிலும் விரைவில் உறங்கினார்கள். தாள் கடனை அடைக்காது. எனினும் கடனை நள்ளிரவில் கட்டிக் காக்கும் வேலையிலிருந்து மூளைக்கு விடுதலை தரும்.

தேநீரும் மதுவும் வெந்நீரும்

மாலை ஆறரை மணிக்குத் தேநீர்க் கடையில் கூடி நாட்டு நடப்பைப் பேசுவது நம் ஊர்களின் பழக்கம். பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. தேநீரைத்தான் நிறுத்தச் சொல்லுகிறோம். காப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீன் என்னும் பொருள் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. சிலருக்கு இன்னும் அதிகம். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு மிகுதியாகக் காஃபீன் உட்கொண்டவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டுகிறது. ஆகவே தூக்கம் குறைந்தவர்கள் பகல் 2 மணிக்கு மேல் மோரோ சுக்கு நீரோ பருகட்டும். புகையிலையிலுள்ள நிகோடினும் விழிப்பைத் தூண்டுவதே. படுக்கும் முன் பீடி பிடிப்பதும் வெற்றிலையோடு புகையிலை அதக்குவதும் ஒன்றுதான்.

மது குடித்தால் நன்றாக உறக்கம் வருகிறது என்பார்கள். முன்னிரவில் உண்மைதான். பின்னிரவில் அது தன் கூலியை வாங்கிக்கொள்கிறது: உறக்கம் துண்டாகிறது, தாகம் எடுக்கிறது, சிறுநீர் கழிக்க எழவேண்டியிருக்கிறது, குறட்டை மிகுகிறது. மதுவையும் தூக்க மாத்திரையையும் சேர்த்து உட்கொண்டால் மூச்சே நின்றுபோகலாம்.

வயலிலிருந்து வந்ததும் வெந்நீரில் குளிக்கும் பழக்கம் நம் பெரியோர்களுடையது. அது அலுப்புத் தீர்வதற்கு மட்டுமன்று. வெந்நீர் பட்டதும் தோலிலும் கை கால்களிலும் இரத்த ஓட்டம் மிகுந்து உள்ளுடம்பின் சூடு வெளியேறுகிறது. உள்ளுடம்பு சற்றே குளிர்வது உறக்கத்துக்கு அழைப்பு. படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு குளிப்பது ஏற்றது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான நீரே போதும்.

பகல் தூக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். உச்சி வெயிலுக்குப் பின் அரைமணி நேரம் கண்ணயர்வதில் குற்றமில்லை; 3 மணிக்கு மேல் உறங்கினால் ஏரியைத் திறந்துவிட்டதாக ஆகும். தூக்கமின்மைக்காக மேற்கூறிய முறையைக் கைக்கொள்பவர்கள் அந்த அரைமணியையும் விட்டுவிட வேண்டும். ஆனால் இரவு முழுவதும் நீர் பாய்ச்சியவருக்கு இந்த விதி பொருந்தாது. அவர் பகலில் உறங்கியே தீரவேண்டும். வெளிச்சம் வராத உள்ளறையை அவருக்கு ஒதுக்கி, பிள்ளைகளைத் தெருவில் விளையாடச் சொல்வது வீட்டாரின் கடமை.

தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அது கடித்தால் வலி மிகக் குறைவு. உறங்குகிறவர் உணராமலே போவதுண்டு. கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டால் கொசுவும் அண்டாது, பாம்பும் அண்டாது. மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்தி விடிய விடியப் புகையைச் சுவாசிப்பதைவிட வலை எவ்வளவோ மேல். பூச்சிமருந்துப் புட்டிகளைப் படுக்கும் அறையில் வைக்கவே கூடாது; பூட்டிய பெட்டியில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். உறக்கமின்றி மனம் நொந்திருக்கும் வேளையில் அவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஆபத்து.

பழக்கத்தால் தீராத தூக்கமின்மையும் உண்டு. உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறி விழித்துக்கொள்பவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுபவர் சர்க்கரை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளட்டும். விடியற்காலை 3 மணிக்கே விழித்து, எதிலும் நாட்டமின்றி, உணவு செல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி 2022 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே தூக்க மாத்திரைக்குப் பழகியவர்கள் இப்பேச்சைக் கேட்டுவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

ஊராட்சி செய்யக்கூடியது

இதுவரை சொன்னவை வீட்டுக்குள் செய்வன. உறுப்பினர்களாகிய உங்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு.

ஊர்தோறும் பழைய குழல் விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் வந்துள்ளன. மின்சாரம் மிச்சம்தான். எனினும் வெண்ணீல ஒளி, இருட்டில் சுரக்க வேண்டிய மெலட்டோனின் என்னும் பொருளைக் குறைத்து உடலின் கடிகாரத்தைக் குழப்புகிறது. விளக்கை அணைத்துவிடச் சொல்லவில்லை. பெண்கள் நடமாடவும் பாம்பு தெரியவும் வெளிச்சம் வேண்டும். ஒளி சாலையில் விழட்டும், சன்னலில் விழ வேண்டாம் என்பதே நம் கருத்து. விளக்கின் தலையைச் சற்றுக் கீழே சாய்த்து ஒரு மூடி பொருத்த அதிகச் செலவு ஆகாது. அடுத்த முறை வாங்கும்பொழுது மஞ்சள் கலந்த ஒளி தரும் விளக்காகக் கேட்டு வாங்கலாம்.

தளம் போட்ட வீடுகள் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவில் உமிழ்கின்றன. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அல்லது வெள்ளை வண்ணம் பூசினால் உள்ளே சூடு குறையும். கோடைக்கு முன் பங்குனியிலேயே இதைச் செய்துவிட ஊர்மக்களைத் தூண்டலாம்.

நீர் பாய்ச்சுவது பற்றி உழவர்களே கூடிப் பேச வேண்டும். ஒரே கிணற்றுப் பங்காளிகள் ஒவ்வோர் இரவும் எல்லோரும் விழித்திருப்பதைவிட முறை வைத்துக்கொண்டால், வாரத்தில் பல இரவுகள் ஒவ்வொருவருக்கும் முழுத் தூக்கம் கிட்டும். மின்சாரம் வந்ததும் தானே மோட்டாரை இயக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பலரிடம் இருக்கிறது. வரப்பு உடையாமல் பார்க்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் உள்ள இடத்தில் அதுவும் வேண்டியதில்லை. 2019-ல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தில் சூரிய சக்திப் பம்புசெட்டுக்கு மானியம் வழங்கினார்கள். இத்தகைய உதவியை இப்பொழுது எவ்வாறு பெறலாம் என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு, உறுப்பினர்கள் ஊருக்குச் சொல்ல வேண்டும். பகலில் ஓடும் மோட்டார், தண்ணீரை மட்டுமல்ல, உழவனின் இரவையும் மீட்டுத் தருகிறது.

எஞ்சியிருப்பது ஒலிபெருக்கி. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை அரசு விலக்கு அளிக்கலாம். அதற்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. ஆயினும் சட்டத்தைக் காட்டிப் பேசினால் ஊரில் பகைதான் வளரும். கூம்பு ஒலிபெருக்கியை எடுத்துவிட்டுப் பந்தலுக்குள் மட்டும் கேட்கும் சிறு பெட்டியை வைப்பது, பரீட்சைக் காலத்தில் 9 மணிக்கே நிறுத்துவது போன்ற ஏற்பாடுகளைக் கிராம சபையில் எல்லோரும் ஒப்புக்கொண்டு தீர்மானமாக எழுதிவிடலாம். ஆனால் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே இப்பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். பந்தற்கால் நட்ட பிறகு பேசினால் ஒருவர் காதிலும் விழாது.